உலகம்மாள் போனுக்கு மூணு கை பார்த்த கதை

ஏழுசுனையில் அநியாயத்துக்கு ஆளானவள் உலகம்மாள். அநியாயம் என்னவென்றால், அவளுடைய பெரியப்பா, மாமா, சித்தப்பா மூன்று பேரும் ஒன்றுகூடி, அவள் நன்மைக்காக, அவளுடைய செல்போனை ரிப்பேர் பார்த்தார்கள்.

ஏழுசுனை என்று பேர்தானே தவிர, அந்த ஊரில் ஒரு சுனைகூடக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தனவாம். மொத்தம் எத்தனை என்று சரியாகத் தெரிந்துகொள்ள ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டார்கள். எண்ணினதையே மறுபடி எண்ணிவிடக்கூடாது என்று, எண்ணி முடித்த சுனையை இறைத்து, மண்ணைப் போட்டு மூடிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஏழு என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கணக்கில் இன்றுவரை யாரும் குற்றம் கண்டுபிடித்ததில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் பழுதானாலும் அதை மூணு கை பார்க்க வேண்டும். மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, தங்களால் ஆனதைச் செய்து பார்ப்பார்கள். மூன்று பேரும் "இது போச்சு" என்று வாயால் சொன்னால்தான் புதுசு வாங்கலாம். ஒரு ஆள் இழுத்தால்கூடப் பழசோடுதான் குடித்தனம். உலகம்மாள் வீட்டு மிக்ஸியைப் பார்த்த மூன்றாவது கை, 2014ஆம் வருஷத்திலிருந்து இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உலகம்மாளும் அந்த ஊர்ப் பெண்தான். திருநெல்வேலியில் மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து பி.ஏ. படித்ததில், ஊர்க்குணம் கொஞ்சம் குறைந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் "அது எப்படி?" என்று ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடம் கிடைத்தது வாஸ்தவம். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதை உறுதி செய்ய வேண்டும். இணையதளத்தில் போய்ப் பட்டனை அமுக்கினால் அவள் நம்பருக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைத் தட்டிவிட்டால் இடம் அவளுடையது. தட்டாவிட்டால் ஐந்து மணி ஒரு நிமிஷத்துக்கு வேறு யாருடையதோ. அந்த எண்ணையும் மூன்று தடவைதான் அனுப்புவார்கள். கடைசியாக வந்த எண் வியாழக்கிழமை ஐந்து மணிவரை செல்லும்.

திங்கட்கிழமை காலையில் போனின் கீழ்ப் பாதி வேலைநிறுத்தம் செய்தது. மேல் பாதியைத் தொட்டால் கேட்டது. கீழ்ப் பாதியைத் தொட்டால் வேறு யாரையோ தொட்டதுபோல் சும்மா இருந்தது. மெசேஜைத் திறக்கிற பொத்தான் கீழ்ப் பாதியில்தான் இருந்தது.

"அப்பா, போன் மக்கர் பண்ணுது. வேற வாங்கணும்" என்றாள்.

அப்பா நல்ல மனிதர். மறுக்கவில்லை. "மூணு கை பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"வியாழக்கிழமைக்குள்ள வேணும்ப்பா. சரி, சிம்மை மட்டுமாவது கழட்டி அம்மா போன்ல போட்டுக்கிடுதேன்."

"பழுதான பொருள்ல இருந்து எதையாவது கழட்டினா, அப்புறம் ஒரு கையும் அதைத் தொடாது தாயி. தெரிஞ்சதுதான?"

தெரிந்ததுதான். முதல் கை அதற்குள் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

முதல் கை, பெரியப்பா சுடலைமுத்து. பம்புசெட் மெக்கானிக். எந்த இயந்திரத்தையும் காதில் வைத்துக் கேட்டே வியாதி சொல்லுவார். போனைக் காதில் வைத்தார். முகம் மாறியது.

"ஓடுற சத்தமே இல்லையே."

"போன்ல சத்தம் வராது பெரியப்பா. தென்காசில பீர்முகம்மது அண்ணன் மொபைல் கடை வச்சிருக்காருல்லா, அவருகிட்ட கேட்டுச் செய்ங்க" என்று அம்மாவின் பட்டன் போனில் பிடித்துக் கொடுத்தாள். வாழ்நாளில் அவள் செய்த பெரிய தப்பு அது.

பீர்முகம்மது எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னார். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஒரு தடவை ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணிப் பாருங்க."

பெரியப்பா கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலில் வீட்டு மெயினை அணைத்தார். திரும்பி வந்து பார்த்தால் போனில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. தெருக் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கினார். போன் எரிந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய் அதன் சுவிட்சையும் இறக்கினார். ஊரில் மாவு மில் நின்றது. பால் சொசைட்டி நின்றது. பஞ்சாயத்து ஆபீஸில் தலைவர் எழுந்து வெளியே வந்து நின்றார். போன் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"ஊரே அணைஞ்சிட்டு. இது அணையலையே!" என்றார் பெரியப்பா. அவர் குரலில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது.

"பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு பெரியப்பா. அதை அமுக்கினா அணைஞ்சிரும்."

"எனக்குப் பாடம் எடுக்காத. கீழ்ப் பாதி வேலை செய்யல, மேல் பாதி வேலை செய்யுது. இதுக்கு என்ன அர்த்தம்? அடியில காத்து அடைச்சிருக்கு. முப்பது வருஷமா பம்புசெட்டுல பாக்கேன். தண்ணி ஊத்தினா எடுத்துரும்."

உலகம்மாள் பாய்வதற்குள், சார்ஜர் சொருகுகிற ஓட்டையில் ஒரு சொம்புத் தண்ணீர் இறங்கிவிட்டது. பெரியப்பா போனை மறுபடி காதில் வைத்தார்.

"இப்ப சத்தம் கேக்கு" என்றார். தண்ணீர் சொட்டுகிற சத்தம் அது.

பீர்முகம்மதுக்கு மறுபடி போன் போனது. அவர் "தண்ணியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "உடனே அரிசி மூட்டைக்குள்ள ஒரு நாள் முழுக்கப் போட்டு வைங்க. ஈரத்தை இழுத்துரும்" என்றார்.

அரிசி மூட்டை என்ற சொல் காதில் விழுந்ததும், இரண்டாவது கை எழுந்து நின்றது. மாமா ஆவுடையப்பன். ரேஷன் கடையில் எடை போடுகிறவர். அவர் பொறுப்பில் அறுபத்திரண்டு மூட்டை இருந்தது. அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை விவாதம் நடந்தது.

"பச்சரிசியா, புழுங்கலரிசியா?" என்று ஆரம்பித்தார் மாமா.

"அதுல என்ன மாமா இருக்கு?" என்றாள் உலகம்மாள்.

"அப்படிச் சொல்லாத. புழுங்கல் ஏற்கெனவே ஒரு தடவை தண்ணியில கிடந்து வெந்தது. அது இன்னொரு பொருளோட ஈரத்தை எப்படி இழுக்கும்? அதுக்கே அலுத்துப்போயிருக்கும்லா."

"பச்சரிசின்னா உடம்புக்குச் சூடு மாப்ள" என்றார் பெரியப்பா. "போனும் சூடாயிரும்."

"அப்ப பாதிப் பாதி கலந்துருவோமா அத்தான்?"

"கலந்தா ரேஷன்ல கலப்படம்னு பேப்பர்ல எழுதிருவான்."

கடைசியில் புழுங்கல் என்று முடிவாகி, செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு மூட்டையின் நடுவில் போனை வைத்து, வாயைச் சாக்கு ஊசியால் தைத்து, மாமா நிமிர்ந்தார். உலகம்மாள் கேட்டாள்: "எந்த மூட்டைன்னு அடையாளம் வச்சிருக்கீங்களா மாமா?"

"என்னை என்னன்னு நெனச்ச? மேல ஒரு பூனை படுத்திருக்கு பாரு. அந்த மூட்டைதான்."

அவர் விரலை நீட்டியதும் பூனை எழுந்து போய்விட்டது.

உலகம்மாள் அழவில்லை. அம்மா போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், வைத்தியத்தில் இருக்கிற போனை எழுப்பக்கூடாது என்று மாமா விடவில்லை. இ-சேவை மையத்துக்கு ஓடினாள். சீக்கிரம் எண்ணை அனுப்பச் சொன்னால் மெசேஜ் சத்தத்தை வைத்து மூட்டையையாவது கண்டுபிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. இணையதளத்தில் பட்டனை அமுக்கிவிட்டு ரேஷன் கடைக்குத் திரும்பி ஓடி வந்தாள். அவள் வருவதற்குள் சத்தம் கேட்டு முடிந்திருந்தது. கடை வாசலில் வரிசையில் நின்ற ஒருவரையும் காணோம்.

"அரிசி 'டிங்'னு சத்தம் போட்டுது" என்றார் மாமா. "நாம இந்த அரிசியை மாட்டுக்கு வைக்கமா, மனுஷனுக்கு வைக்கமான்னு அரசாங்கம் ஒட்டுக் கேக்குன்னு எவனோ சொன்னான். எல்லாரும் கார்டைத் தூக்கிட்டு ஓடிட்டாவ."

"எந்த மூட்டையில இருந்து வந்தது மாமா?"

"அதை நான் கவனிக்கல. நானும்லா ஓடினேன்."

புதன்கிழமை காலை இன்னொரு தடவை எண்ணை அனுப்ப வைத்து, இந்த முறை மாமாவை மூட்டைகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார வைத்துவிட்டுப் போனாள். மூட்டை தெரிந்தது. மாமா அதைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆனால் பிரிக்க மாட்டேன் என்றார். ஏனென்றால் மணி ஒன்பதரை.

"ஒரு நாள் முழுக்கன்னு சொல்லிருக்கான். நேத்து வச்சது பத்தேகாலுக்கு. இப்பப் பிரிச்சா முக்கால் மணி நேரத்து ஈரம் உள்ளயே நின்னுரும்."

பத்தேகாலுக்கு மூட்டை திறந்தது. ஆச்சரியம், போன் உயிரோடு இருந்தது. கீழ்ப் பாதி மட்டும் பழையபடி முரண்டு பிடித்தது. எண் வந்து போன சுவடு இருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. மூன்றில் இரண்டு தடவை போய்விட்டது.

அன்று மத்தியானம் பீர்முகம்மது தன் பங்குக்கு உண்மையைச் சொன்னார். "டிஸ்ப்ளே மாத்தணும். ஆனா டிஸ்ப்ளேக்கு ஆகுற காசுக்குப் புதுப் போனே வாங்கிரலாம். நீங்களே யோசிச்சுக்கோங்க."

யோசித்துக்கொள்ளச் சொன்னால் ஏழுசுனைக்காரர்கள் விடுவார்களா?

"ரிப்பேர் பண்ண ஆகுற காசும் புதுசு வாங்குற காசும் ஒண்ணுன்னு சொல்லுதான்" என்றார் மாமா. "ஒண்ணுன்னா ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்" என்றார் பெரியப்பா.

"அப்ப ரிப்பேர் பண்ணினா புதுசு வாங்கினதாயிரும். புதுசு வாங்கினா ரிப்பேர் பண்ணினதாயிரும். எதைச் செஞ்சாலும் ரெண்டையும் செஞ்சிருவோம் அத்தான். ரெண்டையும் செஞ்சா ரெட்டைச் செலவு. எதையும் செய்யாம இருந்தாத்தான் லாபம்."

"அது எப்படி மாமா?" என்றாள் உலகம்மாள்.

"மேல் பாதி நல்லாத்தான இருக்கு? பாதி போன் மட்டும் கிடைக்குமான்னு அவன்கிட்ட கேளு."

பீர்முகம்மது அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

மூன்றாவது கை, சித்தப்பா கோமதிநாயகம். ஊரில் எழுத்து விஷயமெல்லாம் அவர் கையில்தான். பனியன் பெட்டியில் அச்சடித்திருப்பதைக்கூட வாய்விட்டுப் படித்து, அதன்படியே துவைப்பார். கனத்த உடம்பு. உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். அவர் நேராகப் போன் கம்பெனிக்கே பேசினார்.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படலாம்" என்று குரல் சொன்னதும், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கஞ்சி போட்ட சட்டை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றது குரல். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் பொண்டாட்டிகூட இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல அண்ணே" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து நிஜமான ஒரு பெண் பேசினாள். "ரீசெட் செஞ்சு பாக்கலாம் சார். ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும். அதுக்கு முன்னாடி போட்டோ, மெசேஜ், நம்பர் எல்லாத்தையும் வேற ஒரு இடத்துல காப்பி எடுத்துப் பத்திரமா வச்சுக்கோங்க."

சித்தப்பா ஒரு நீள நோட்டும், இரண்டு பென்சிலும் வாங்கினார். போனில் நானூற்றுச் சொச்சம் போட்டோ இருந்தது. முதல் போட்டோவில் உலகம்மாளும் அவள் ஹாஸ்டல் சிநேகிதிகளும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நாக்குக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. புதன் சாயங்காலம் தொடங்கி வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பதினோரு போட்டோ முடிந்திருந்தது. அதில் உலகம்மாள் யார் என்று உலகம்மாளுக்கே தெரியவில்லை.

"சித்தப்பா, மணி நாலு. கடைசித் தடவையா நம்பரை அனுப்பச் சொல்லப் போறேன். வந்ததும் போன்ல மேல் பக்கம் கொஞ்ச நேரம் தெரியும். அதைப் படிச்சு, எழுதி, பத்திரமா வைங்க. நான் ஓடி வந்துருதேன்."

"நீ போ. எழுத்து வேலையில நான் தப்பு விட்டதே இல்ல."

அவர் தப்பு விடவில்லை. அவள் இ-சேவையில் பட்டனை அமுக்கிவிட்டு மூச்சிரைக்க வந்தபோது, சித்தப்பா எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, போன் திரையைத் துண்டால் அழுத்தித் துடைத்து, மெசேஜ் இருந்த இடமே தெரியாமல் சுத்தம் செய்திருந்தார். நோட்டைக் காணோம்.

"வந்துச்சா சித்தப்பா?"

"வந்துச்சு."

"எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"நோட்டு எங்க?"

"பத்திரமா இருக்கு. அது மேலதான் உக்காந்திருக்கேன்."

"சரி, நம்பரைச் சொல்லுங்க."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அதான் முடியாது. அடியில எழுதிருந்தான். 'இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம், எங்கள் ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்'னு."

உலகம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு பதினெட்டு. "அது எனக்கு வந்த நம்பர் சித்தப்பா!"

"உனக்கு வந்திருந்தா உன்கிட்டல்லா வந்திருக்கும்? என்கிட்ட வந்திருக்கு."

"ஊரான் எவனாவது கேட்டாச் சொல்லக்கூடாதுன்னு அர்த்தம். நான் உங்க அண்ணன் மக!"

"அண்ணன் மகளுக்குச் சொல்லலாம்னு அவன் எழுதலையே. எழுதியிருந்தா முதல் ஆளா சொல்லிருப்பேன்."

பெரியப்பா நியாயம் பேசினார். "அவ்வளவு பெரிய சட்டக் கல்லூரி, அவன் ஒரு வார்த்தை சொன்னா காரணம் இருக்கும் புள்ள. நாளைக்கு நீ வக்கீலாகி, ரகசியத்தை வெளிய சொல்லிட்டான்னு உன் சித்தப்பனையே கூண்டுல ஏத்துவியே?"

"இப்பவே ஏத்துவேன்!" என்றாள் உலகம்மாள்.

"பாத்தீரா மச்சான்?" என்றார் மாமா. "நல்லவேளை சொல்லல."

நோட்டை உருவப் பார்த்தாள். சித்தப்பா ஒரு அங்குலம்கூட அசையவில்லை. மணி நாலு இருபத்தைந்து. உலகம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷப் படிப்பு, ஒரு கறுப்பு அங்கி, ஒரு நீதிமன்றம், எல்லாம் சித்தப்பாவுக்கு அடியில் கிடந்தது. சித்தப்பா சொன்ன வாக்கியத்தை மனசுக்குள் மறுபடி படித்தாள். ஊர்க்காரர்கள் மாதிரி, எழுதினதை எழுதினபடியே அவள் படித்தது அதுதான் முதல் தடவை. பிறகு நிமிர்ந்து, மிகப் பணிவாகக் கேட்டாள்.

"சித்தப்பா, அந்த நம்பரைத்தான சொல்லக்கூடாது?"

"ஆமா."

"அந்த நம்பர் இல்லாத நம்பரைச் சொல்லலாமா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா நோட்டை மெல்ல உருவி, அவளுக்குத் தெரியாமல் மறைத்துப் பிடித்து, மெசேஜிலிருந்து அதில் எழுதி வைத்திருந்ததை மறுபடி வரிவரியாகப் படித்தார்.

"அதைச் சொல்லக்கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார்.

"அப்ப முதல் இடத்துல என்னென்ன இல்லன்னு சொல்லுங்க."

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு இல்ல. ரெண்டு இல்ல. மூணு இல்ல. நாலு இல்ல. அஞ்சு இல்ல. ஆறு இல்ல." மூச்சு வாங்கினார். "எட்டு இல்ல. ஒன்பது இல்ல. பூச்சியமும் இல்ல."

"மச்சான், ஏழை விட்டுட்டீரு" என்றார் மாமா.

"ஏழைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

உலகம்மாள் உள்ளங்கையில் ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது இடம் முடிந்தது. மூன்றாவது முடிய நாலு முப்பத்தைந்து. நாலாவது இடத்தில் சித்தப்பா வேகம் எடுத்து, பத்தையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"பத்தும் இல்லன்னா அங்க என்னதான் சித்தப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம்லா" என்றார் பெரியப்பா.

சித்தப்பா நோட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஒன்பது இல்லன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அதை வாபஸ் வாங்கு..."

"வாயை மூடுலே!" என்று பெரியப்பா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். "வாபஸ் வாங்கினா சொன்ன மாதிரி ஆயிரும்! முதல்ல இருந்து வா."

முதல் இடத்திலிருந்து வந்தார். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஐம்பத்துநாலு "இல்ல"யையும் ஒழுங்காகக் கேட்டு முடித்தபோது மணி நாலு ஐம்பத்துமூன்று. வாசலில் இருந்த செருப்பை அவள் தேடவில்லை.

அவள் ஓடின பிறகு, பெரியப்பா தம்பியின் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன்லே நீ. அந்தப் பாடு படுத்தினா. கடைசி வரைக்கும் சொல்லலையே!"

ஐந்தேகாலுக்கு உலகம்மாள் திரும்பி வந்தாள். கையில் சேர்க்கை உறுதி என்று அச்சடித்த காகிதம். காலில் முள். நாலு ஐம்பத்தொன்பதுக்கு இடம் உறுதியாகியிருந்தது. காகிதத்தை மூன்று பேர் முன்னாலும் வைத்தாள். சித்தப்பா அதை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படித்தார். எல்லாருக்கும் சந்தோஷம். மாமா காசு கொடுத்துக் கடலை மிட்டாய் வாங்கி வரச் சொன்னார்.

"சந்தோஷம் இருக்கட்டும்" என்றாள் உலகம்மாள். "அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகணும். மூணு கையும் பாத்தாச்சு. இப்பச் சொல்லுங்க. போன் போச்சா, போகலையா? ரிப்பேரா, புதுசா?"

மூன்று பேரும் தனியாக வேப்பமரத்தடிக்குப் போனார்கள். தலையை ஆட்டினார்கள். ஒருதரம் கையை ஓங்கிக்கொண்டார்கள். மறுபடி தலையை ஆட்டினார்கள். வரிசையாகத் திரும்பி வந்து நின்றார்கள். பெரியப்பா பேசினார்.

"ரிப்பேரும் வேண்டாம், புதுசும் வேண்டாம் தாயி. ஊரே அணைஞ்சும் அணையாத போன் இது. தண்ணியில கிடந்துச்சு, அரிசியில கிடந்துச்சு, ஒரு குறை சொல்லல. எங்க மூணு பேர் கையிலயும் நல்லாத்தான் இருக்கு. உன் கைக்கு மட்டும்தான் முரண்டு பிடிக்கு. அதனால போன் எங்ககிட்டயே இருக்கட்டும். நீ மட்டும் போயிட்டு வா."

"அது எப்படி?" என்று கத்தினாள் உலகம்மாள். "ஃபீஸ் கட்ட, பரீட்சைக்கு, எல்லாத்துக்கும் அந்த நம்பருக்குத்தான் எண் வரும்! அப்ப நான் என்ன பண்ண?"

சித்தப்பா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆதரவாக அவள் தலையில் கை வைத்தார்.

"அதுக்கா கண்ணைக் கசக்குத? ஹாஸ்டல்ல இருந்து ஒரு போன் போடு மக்கா. எதெது இல்லன்னு சித்தப்பா நிதானமா சொல்லுதேன்."